இரும்பு வாசல் கதவு: ஒரே படத்துக்கு ஏன் மூன்று விலை?

வீடு கட்டுகிற பலரும் செய்வதுதான். போனில் ஒரு கதவுப் படத்தை வைத்துக்கொண்டு மூன்று வெல்டிங் பட்டறை ஏறி இறங்குவார்கள். ஒருவர் சொல்லும் விலை இன்னொருவருடையதைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும், மூன்றாமவர் நடுவில் நிற்பார். அதிகம் கேட்டவர் கொள்ளையடிக்கிறார், குறைத்துச் சொன்னவர் நியாயமானவர் என்று முடிவு கட்டி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவோம். அவசர முடிவு அது. படத்தில் தெரிவது கதவின் முகம் மட்டும். தகடு எத்தனை கனம், குழாய் எந்தக் கேஜ், வெல்டிங் முழுதாக ஓடியிருக்கிறதா, பெயின்டுக்குக் கீழே என்ன பூசியிருக்கிறது என்பதெல்லாம் படத்தில் வராது. விலையைத் தீர்மானிப்பதோ அவைதான். மூன்று பட்டறைக்காரர்களும் ஒரே படத்தைப் பார்த்தாலும் மனதில் வைத்துக் கணக்குப் போடுவது மூன்று வேறு கதவுகளை.

தமிழ்நாட்டில் இரும்பு வாசல் கதவு என்றால் பெரும்பாலும் தேக்கு நிலைக்கதவுக்கு முன்னால் பாதுகாப்புக்காகப் போடும் இரண்டாவது கதவு. நிலை வைத்துப் பூஜை போடுவதெல்லாம் மரத்துக்குத்தான். தேக்கு விலையைப் பார்த்துவிட்டு இரும்பையே தலைவாசல் கதவாகப் போடுகிறவர்களும் இப்போது உண்டு. முதல் வகைக்கு ஒரு பக்கம் தகடோ கிரில்லோ போதும். இரண்டாவது வகைக்கு இரண்டு பக்கமும் தகடு, உள்ளே பூட்டுக்கு இடம், மழைத் தண்ணீர் இறங்காத விளிம்பு எல்லாம் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் கேட்டால் விலை எங்கோ போய் நிற்கத்தான் செய்யும்.

எடையில் இருக்கிறது முக்கால் கணக்கு

மூன்றரை அடி அகலம், ஏழு அடி உயரம் உள்ள ஒற்றைக் கதவை எடுத்துக்கொள்வோம். 24.5 சதுர அடி. இரும்புக்குக் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. நம் கதவின் பரப்பு சுமார் 2.28 சதுர மீட்டர். 1.6 மில்லிமீட்டர் தகடு போட்டால் ஒரு பக்கத்துக்கு 28.6 கிலோ. பட்டறையில் இந்தக் கனத்தைத்தான் 16 கேஜ் என்பார்கள். 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் போட்டால் 21 கிலோ சொச்சம். கேஜ் எண் ஏற ஏறக் கனம் குறையும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 20 கேஜ் என்றதும் பெரிய எண்ணாயிற்றே, நல்ல தகடுதான் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

அப்புறம் கதவின் சட்டம். 40-க்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய்தான் வழக்கம். சுற்றளவோடு நடுவில் இரண்டு குறுக்குச் சட்டமும் சேர்த்தால் சுமார் 8.4 மீட்டர் பிடிக்கும். இரண்டு மில்லிமீட்டர் சுவர் கனமுள்ள குழாய் மீட்டருக்கு 2.4 கிலோ, ஆக 20 கிலோ. அதே குழாயை 1.2 மில்லிமீட்டரில் எடுத்தால் 12 கிலோவில் முடிந்துவிடும். வெளி அளவு ஒன்றுதான், பெயின்ட் அடித்த பிறகு எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. சுவரில் பதிக்கும் நிலைக்கு 50-க்கு 50, ஐந்து மில்லிமீட்டர் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) போட்டால் மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 20 கிலோ. 40-க்கு 40, மூன்று மில்லிமீட்டர் என்றால் அதில் பாதி.

கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கத் தகடு கதவு முதல் கணக்கில் 69 கிலோ, இரண்டாவது கணக்கில் 43 கிலோ. தெருவில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே கதவு. கொட்டேஷனில் இரண்டுக்கும் எழுதியிருப்பது ‘3.5 x 7 எம்.எஸ். கதவு’ என்ற ஒரே வரி. எம்.எஸ். என்றால் மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 26 கிலோ வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. பச்சை இரும்பு கிலோ 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 1,820 ரூபாய்தான். வெட்டி, பற்றவைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, வண்டியில் ஏற்றி, சுவரில் நிறுத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. கதவின் ஆயுளில் பாதியை இந்தச் சின்னத் தொகைக்காகத்தான் பலரும் விட்டுக்கொடுக்கிறார்கள். மெல்லிய தகடு கையால் தட்டினாலே படபடக்கும். பற்றவைக்கும் சூட்டில் அலை அலையாக நெளியும், நெளிந்தது திரும்ப நிமிராது. கனம் குறைந்த குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கத் தொடங்கினால் ஓட்டை விழ அதிக நாள் பிடிக்காது. எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம், இந்த இடத்தில் மட்டும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, நமக்கு என்ன கனத்தில் போட்டிருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெர்னியர் காலிப்பர் எல்லாம் தேவையில்லை. குழாய் 20 அடி நீளத்தில், அதாவது ஆறு மீட்டரில் வரும். 40-க்கு 40 குழாய் ஒரு முழு நீளம் இரண்டு மில்லிமீட்டர் என்றால் 14 கிலோவுக்கு மேல் நிற்கும். 1.6 என்றால் பதினொன்றரை கிலோ, 1.2 என்றால் 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரும்புக் கடைக்காரர் எப்படியும் எடை போட்டுத்தான் விற்கிறார். அவர் கொடுத்த எடைச் சீட்டையும் குழாய் எண்ணிக்கையையும் பார்த்தால் கேஜ் தானாக வெளியே வந்துவிடும். பட்டறையில் வேலை தொடங்கும் முன், குழாய்கள் வெட்டாமல் கிடக்கும்போது ஒரு நடை போய்ப் பார்ப்பது அதனால்தான் நல்லது.

கிலோ ரேட்டா, சதுர அடி ரேட்டா?

பட்டறைகள் விலை சொல்வது இரண்டு விதம். கிலோவுக்கு இவ்வளவு, அல்லது சதுர அடிக்கு இவ்வளவு. எந்த விதத்தில் பேசுகிறோமோ அந்த விதமே கதவை மாற்றிவிடும். சதுர அடி ரேட்டில் பேசினால், பட்டறைக்காரருக்கு இரும்பு குறையக் குறைய லாபம். தகடும் குழாயும் மெலியும். கிலோ ரேட்டில் பேசினால் இரும்பு ஏற ஏற லாபம். கேட்காத இடத்தில் பட்டை ஏறும், தேவையில்லாத குறுக்குச் சட்டம் வரும், கதவு கனத்துக் கீல் தேயும். இரண்டில் எதிலும் யாரும் மோசம் செய்ய வேண்டியதில்லை. ரேட்டின் இயல்பே கையை அந்தப் பக்கம் தள்ளும்.

கிலோ ரேட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. முழுத் தகடு கதவு எடை அதிகம், வேலை குறைவு. கிரில் கதவு எடை குறைவு, வேலை அதிகம். இரண்டுக்கும் ஒரே கிலோ ரேட் என்றால் தகடு கதவு வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கிறார் அல்லது கிரில் செய்கிறவர் எங்கோ வேலையை முழுங்குகிறார். அதனால் அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் டிசைனைப் பார்க்காமல் கிலோ ரேட் சொல்ல மாட்டார்கள்.

எனக்குச் சரியென்று படுவது மூன்றாவது வழி. கேஜ், குழாய் அளவு, ஆங்கிள் அளவு எல்லாம் எழுதி, உத்தேச எடையும் போட்டு, மொத்தக் கதவுக்கு ஒரே தொகை பேசிக்கொள்வது. எடை 5 கிலோ முன்னே பின்னே இருந்தால் கேட்பதில்லை, அதற்கு மேல் குறைந்தால் கழித்துக்கொள்வது. டெலிவரி எடுக்கும்போது பக்கத்து எடை மேடையில் வண்டியை ஒரு முறை கதவோடும் ஒரு முறை கதவில்லாமலும் ஏற்றினால் ஓரளவு தெரிந்துவிடும். எடை மேடை பத்து இருபது கிலோ வித்தியாசம் காட்டக்கூடியது என்பதால், பட்டறையிலேயே பிளாட்பார்ம் தராசு இருந்தால் அதுவே மேல்.

நான்கு அடி என்ற எல்லை

இரும்புத் தகடு பொதுவாகக் கிடைக்கும் அளவு எட்டுக்கு நான்கு அடி. மூன்றரைக்கு ஏழு கதவுக்கு ஒரு முழு ஷீட் வாங்க வேண்டும். 32 சதுர அடியில் 24.5 பயன்படும். மீதி ஏழரைச் சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, ஓரத் துண்டுகளாக நிற்கும். அதற்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம், ரேட்டுக்குள் மறைந்து வரும். அதுவே கதவு நான்கு அடி மூன்று அங்குலம் என்றால், ஒரு ஷீட்டில் அடங்காது. நடுவில் ஒட்டுப் போட வேண்டும், அல்லது ஐந்து அடி ஷீட் தேடிப் போக வேண்டும். ஒட்டுப் போட்ட இடத்தைத் தேய்த்துச் சமன் செய்வது தனி வேலை. என்ன தேய்த்தாலும் வெயில் சாய்வாக விழும்போது கோடு தெரியும். மூன்று அங்குலத்துக்காக விலை ஒரே தாவாகத் தாவுவது இப்படித்தான். எஞ்சினியர் வரைபடம் போடும்போதே வாசல் திறப்பை நான்கு அடிக்குள்ளும் எட்டு அடிக்குள்ளும் வைத்துவிட்டால் பல ஆயிரம் மிச்சம்.

அகலம் வேறொரு வழியிலும் செலவு வைக்கும். கதவின் எடை முழுக்க ஒரு ஓரத்தில், கீல்களில் தொங்குகிறது. மூன்றரை அடி அகலமுள்ள 80 கிலோ கதவு மேல் கீலைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை, கீல்களுக்கு நடுவே ஆறடி இருந்தால், சுமார் 23 கிலோ. அதே கதவை ஐந்தடி அகலமாக்கினால் எடையும் கூடும், தூரமும் கூடும். விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். அகலம் கூடியதோ ஒன்றரை அடிதான். அதனால் ஐந்தடி வாசலுக்கு ஒற்றைக் கதவு கேட்டால் நல்ல பட்டறைக்காரர் இரட்டைக் கதவு போடுங்கள் என்பார். இரட்டைக் கதவுக்கு நடுவில் இரண்டு நிமிர்ந்த சட்டம், கூடுதல் கீல்கள், மேலும் கீழும் தாழ்ப்பாள், ஒன்றின் மேல் ஒன்று படியும் பட்டை, இரண்டும் நேராக நிற்க வேண்டிய பூட்டு என்று சாமான் கூடும். சதுர அடி கணக்கில் மட்டும் பெருக்கிப் பார்த்து ‘ஏன் இவ்வளவு’ என்று சண்டை போடுவது இங்கேதான் அதிகம்.

வளைவு வைத்த கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே அரைவட்டம் வந்துவிட்டால் அது ஒரு துண்டை மட்டும் பாதிப்பதில்லை. நிலையின் ஆங்கிள் வளைய வேண்டும், கதவுச் சட்டம் வளைய வேண்டும், இரண்டு வளைவும் ஒரே சீராகப் பொருந்த வேண்டும், தகடு வட்டமாக வெட்டப்பட வேண்டும், கொத்தனார் அந்த வளைவுக்கு ஏற்பக் கட்ட வேண்டும். ரோலர் மெஷின் இல்லாத பட்டறையில் குழாயில் அங்குலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு மடக்கி, ஒவ்வொரு வெட்டையும் பற்றவைத்துத் தேய்ப்பார்கள். ஆள் கூலி அங்கேதான் போகும்.

பூ வேலையும் லேசர் கட்டிங்கும்

கிரில்லில் கூலியை நிர்ணயிப்பது எத்தனை இடத்தில் பற்றவைக்கிறோம் என்பது. மூன்றரை அடி அகலத்தில் நான்கு அங்குலத்துக்கு ஒரு ராடு நிறுத்தினால் சுமார் பத்து ராடு, மேலும் கீழும் இருபது பற்று. இரண்டு அங்குல இடைவெளி கேட்டால் இரண்டும் இரட்டிக்கும். அதற்குள் கையால் வளைத்த சுருள் பூ 24 வைத்தால், ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் ஒட்ட வேண்டும் என்றாலே இன்னும் 72 பற்று. ஒவ்வொரு பற்றையும் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். சுருள்களின் எடையோ சில கிலோதான். இதையெல்லாம் கிலோ ரேட்டில் போட்டால் வெல்டருக்குக் கட்டுபடியாகாது என்பது அதனால்தான்.

ஒரே அளவு சுருள் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு அச்சில் வைத்து வேகமாக வளைத்துவிடுவார்கள். நான்கைந்து அளவு கலந்து, கொடி ஓடுவது போலக் கேட்டால் அச்சு பல வேண்டும், அல்லது கண்ணளவில் வளைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த மாதிரி ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கடையில் விற்கும் ரெடிமேட் பூ, இலை, ஈட்டி முனையெல்லாம் வாங்கிப் பற்றவைப்பது மலிவு. பக்கத்து வீட்டிலும் அதே பூதான் இருக்கும், அது பரவாயில்லை என்றால் தாராளமாகப் போடலாம். வார்ப்பிரும்புப் பூவாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். சாதாரண வெல்டிங் ராடில் பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் விடும் பொருள் அது.

‘ராட் அயர்ன் (wrought iron, தேனிரும்பு) கதவு’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் யோசிக்க வேண்டும். பழைய அரண்மனை கேட்டுகளில் இருந்த அந்த இரும்பை இன்று யாரும் வணிகமாக உற்பத்தி செய்வதில்லை. இங்கிலாந்தில் போல்டன் நகரிலிருந்த கடைசி ஆலையும் 1970-களில் மூடப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பெயரில் வருவது மைல்ட் ஸ்டீல்தான். வேலைப்பாட்டுக்குக் காசு கேட்டால் நியாயம், உலோகத்தின் பெயருக்குக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

லேசர் கட்டிங் வந்த பிறகு டிசைன் கணக்கே மாறிவிட்டது. அங்கே காசு கோட்டின் நீளத்துக்கும், தகட்டில் எத்தனை இடத்தில் துளைத்து உள்ளே நுழைகிறது என்பதற்கும், தகட்டின் கனத்துக்கும். மரம், மயில், யானை என்று பெரிய உருவங்கள் கொண்ட டிசைனை விட, பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கான துளை உள்ள ஜாலி டிசைனுக்குச் செலவு கூடும். பார்க்க எளிமையாகத் தெரிவதும் அதுவே. வெட்டி விழுந்த துண்டுகளுக்கும் சேர்த்து முழு ஷீட் விலை கொடுத்திருப்போம். கம்ப்யூட்டர் வரைபடம் இல்லாமல் போட்டோவை மட்டும் கொடுத்தால் வரைகிறவருக்குத் தனிக் கூலி. பிளாஸ்மா கட்டிங் விலை குறைவு, ஆனால் ஓரம் கரடுமுரடாக வரும். அதைத் தேய்க்கும் கூலியைச் சேர்த்தால் மெல்லிய தகட்டில் பெரிய மிச்சம் நிற்காது.

பட்டிக்குக் கீழே

பெயின்ட் அடித்த கதவில் வெல்டிங்கின் தரம் தெரியாது. முழு நீளத்துக்கும் பற்றவைப்பது ஒரு வேலை. நான்கு அங்குலத்துக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, இடைவெளியில் பட்டி பூசி, எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துவிடுவது இன்னொரு வேலை. தகட்டைச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தில் விட்டு விட்டுப் பற்றவைப்பதில் தப்பில்லை, முழுக்க ஓட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஆனால் சட்டத்தின் நான்கு மூலைகள், கீல் உட்காரும் இடம், பூட்டுப் பெட்டி ஆகியவற்றில் முழு வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். அங்கே பட்டி இருந்தால் ஓரிரு வருடத்தில் மயிரிழை போலக் கோடு விழும், மழைத் தண்ணீர் அதன் வழியே குழாய்க்குள் இறங்கும், அந்தக் கோட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் கண்ணீர்த் தாரை வழியும். பிரைமர் அடிக்கும் முன் ஒரு தடவை பார்க்க வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவைத்தால் இந்த வேலையே வேறு மாதிரி நடக்கும்.

பெயின்ட் விஷயத்தில்தான் விலை வித்தியாசம் நிஜமாகவே பெரிது. மலிவான முறை, துணியால் துடைத்துவிட்டு ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் ஒரு கை. அடுத்தது, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் ஸ்பிரே செய்வது. சூடாக உருட்டிய பட்டை, ஆங்கிள் இவற்றின் மேல் நீலக் கருப்பாக ஒரு செதில் தோல் இருக்கும். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் செதில் உரியும்போது பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும். எத்தனை கை அடித்தோம் என்பதைக் காட்டிலும், அடிப்பதற்கு முன் எப்படிச் சுத்தம் செய்தோம் என்பதே முக்கியம்.

பவுடர் கோட்டிங் இன்னும் ஒரு படி மேலே. ‘செவன் டேங்க்’ என்று சொல்லும் முறையில் கதவை எண்ணெய் நீக்கி, அமிலத்தில் துரு எடுத்து, பாஸ்பேட் ஏற்றி, காயவைத்து, பவுடர் தூவி, 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் வைப்பார்கள். சதுர அடி கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் காசு. நம் கதவு 49 சதுர அடியாகக் கணக்கில் வரும், கிரில்லில் பாதி வெறும் காற்றாக இருந்தாலும் அப்படித்தான் எண்ணுவார்கள். பலர் கவனிக்காத ஒரு செலவும் இதில் இருக்கிறது. சாதாரணப் பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது, பவுடரும் அதன் மேல் சரியாக ஒட்டாது. வெல்டிங்கை இரும்பாகவே நிரப்பி, கண்ணாடி மாதிரி தேய்த்தாக வேண்டும். பவுடர் கோட்டிங் கதவுக்குப் பட்டறைக்காரர் கூலி கூடக் கேட்டால், பவுடருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பட்டியால் மூட முடியாத வேலையை அவர் செய்து தர வேண்டியிருக்கிறது. இன்னொன்று, கதவு அந்த ஊர் அடுப்புக்குள் நுழைய வேண்டும். ஒன்பதடிக் கதவு என்றால் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது ஆசைக்குச் செய்கிற செலவே இல்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேசுவரம், சென்னையில் பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற இடங்களில் உப்புக் காற்று எனாமலை வேகமாகத் தின்றுவிடும். ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் தகடும் வாங்கிச் செய்வது அங்கே புத்திசாலித்தனம். கூடவே வரும் செலவையும் தெரிந்துகொள்ள வேண்டும். பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டுவரும் நச்சு. ஓரத்தைத் தேய்த்துவிட்டுப் பற்றவைத்து, பிறகு அந்த இடத்தில் ஜிங்க் பிரைமர் அடிக்க வேண்டும். வழுவழுப்பான ஜி.ஐ. மேல் பெயின்ட் ஒட்ட அதற்கென்று தனி பிரைமர் உண்டு. முழுக் கதவையும் செய்து முடித்து உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கலாமே என்று கேட்பார்கள். சுமார் 450 டிகிரி தொட்டி அது. தடித்த கிரில் தாங்கும், மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்கிறவர்கள் 202 கிரேடா 304 கிரேடா என்று கேட்டுவிட்டு வாங்கட்டும். காந்தம் வைத்துப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது, இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 202-ல் நிக்கல் குறைவு, கடலோரத்தில் சீக்கிரம் கறை ஏறும்.

கீல், பூட்டு, பொருத்துதல்

80 கிலோ கதவுக்குப் பேரிங் வைத்த கீல் மூன்று வேண்டும். நல்ல கீலுக்கும் சாதாரணக் கீலுக்கும் உள்ள விலை வித்தியாசம் மொத்தத்தில் மிகச் சிறியது. பூட்டு நம் விருப்பம். ஆனால் எந்தப் பூட்டு என்பதைத் தகடு மூடுவதற்கு முன்பே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு வெட்டினால் பெயின்ட் போகும், தனிக் கூலியும் வரும்.

பொருத்தும் செலவு வீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூச்சு வேலைக்கு முன்பே நிலையை ஹோல்ட்ஃபாஸ்ட்டோடு (சுவருக்குள் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டை) கான்கிரீட்டில் பதித்துவிட்டால் செலவு குறைவு, பிடிப்பும் அதிகம். கிரானைட் ஒட்டி, டைல்ஸ் போட்டு, கிரகப்பிரவேசம் முடிந்து கேட்டால், துளை போட்டு ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும், தூக்குப் பார்க்க வேண்டும், கிரானைட் உடையாமல் காக்க வேண்டும். வீட்டிலேயே தேய்க்கும்போது தெறிக்கும் பொறி கண்ணாடி ஜன்னலிலும் டைல்ஸிலும் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு அது துருப் புள்ளியாக நிற்கும். ஈரச் சாக்குப் போட்டு மூடச் சொல்ல வேண்டும். அடுக்குமாடியில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் சங்கத்தின் அனுமதி வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

சந்தை விலை, வரி, பருவம்

இரும்பு விலை நம் பட்டறைக்காரர் கையில் இல்லை. 2022 மே மாதம் மத்திய அரசு பல ஸ்டீல் வகைகளுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டது, உள்ளூர் விலை இறங்கியது. அந்த நவம்பரிலேயே வரியை எடுத்தது. 2025 ஏப்ரலில் இறக்குமதித் தகடு வகைகளுக்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி வந்தது. இந்த மாதிரி ஒவ்வொரு அறிவிப்பும் சில வாரத்தில் சென்னை சாத்தாங்காடு இரும்புச் சந்தை வழியாக நம் தெரு முனைப் பட்டறைக்கு வந்துவிடும். அதனால்தான் கொட்டேஷனில் ‘15 நாள் வரை’ என்று எழுதுகிறார்கள்.

இரும்புக் கதவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பதிவு செய்யாத சின்னப் பட்டறை அதை வசூலிக்க முடியாது. ஆனால் அவர் வாங்கும் இரும்பிலேயே வரி ஏறித்தான் வருகிறது. ஒப்பிடும்போது ஒருவர் வரியோடு சொன்னாரா, இன்னொருவர் வரி இல்லாமல் சொன்னாரா என்று பார்க்காவிட்டால் கணக்குத் தப்பிவிடும்.

டாடா ஸ்டீலின் பிரவேஷ் போன்ற தொழிற்சாலைக் கதவுகளோடு விலையை ஒப்பிடுகிறவர்களும் உண்டு. அங்கே ஒரே அளவை ஆயிரக்கணக்கில் அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள், வேலைக் கூலி எல்லாக் கதவுக்கும் பிரிந்துபோகும். உங்கள் வாசல் அவர்கள் அளவுக்கு ஒத்துவந்து, அவர்கள் டிசைனும் பிடித்துவிட்டால் அதையே வாங்கிக்கொள்ளலாம், நல்ல கதவுதான். நம் அளவு, நம் டிசைன் என்று வரும்போது ஒரே ஒரு கதவுக்காக அளவெடுத்து, வரைந்து, அச்சுச் செய்து, வெட்டும் நேரம் முழுக்க அந்த ஒரே கதவின் தலையில் விழும்.

தை, வைகாசி, ஆவணி கிரகப்பிரவேசங்களுக்கு முன் பட்டறைகளில் நெரிசல், பேரம் படியாது. ஆடியில் ஓரளவு படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளிப் பட்டறையில் பெயின்ட் அடிப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும், ஈரத்தின் மேல் ஏறிய பெயின்ட் கொப்பளிக்கும்.

கொட்டேஷன் தாளில் எழுதி வாங்க வேண்டியதை இப்போது சொல்லலாம். தகடு எத்தனை மில்லிமீட்டர், ஒரு பக்கமா இரு பக்கமா, ஜி.ஐ.யா சாதா இரும்பா. குழாய், ஆங்கிள் அளவு கனத்தோடு. உத்தேச எடை. பிரைமர் எது, மேல் பெயின்ட் எது, எத்தனை கை. கீல் எத்தனை, எந்த வகை. பூட்டு யார் பொறுப்பு. வண்டி வாடகையும் பொருத்தும் கூலியும் உள்ளே அடக்கமா. வரி சேர்த்தா. கேஜ் என்று எழுதினால் பக்கத்தில் மில்லிமீட்டரையும் எழுதச் சொல்ல வேண்டும். இத்தனையும் கேட்டால் மூன்று பட்டறைகளில் ஒன்று விலையை ஏற்றும், ஒன்று பதில் சொல்லாமல் நழுவும். மீதி உள்ளவரிடம் பாதித் தொகை அட்வான்ஸ் கொடுக்கலாம். அடுத்த தவணையைப் பிரைமர் அடிக்கும் முன் நேரில் பார்த்துவிட்டும், கடைசித் தவணையைக் கதவு சுவரில் ஏறி, இரண்டு பக்கமும் இடிக்காமல் திறந்து மூடிய பிறகும் கொடுப்பது என்று பேசிக்கொள்ள வேண்டும். அதே கலர் பெயின்ட் ஒரு சின்ன டப்பாவும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்தும்போது ஏற்படும் கீறலுக்கு அன்றைக்கே அது வேண்டியிருக்கும்.